உன் நடிகரின் கடைசிப் படம்

மச்சான்,

நேற்று மத்தியானம் ரிவியைப் போட்டால் உன் ஹொலிவூட் நடிகர் நிற்கிறார். அதே கறுப்பு வெள்ளை, அதே சரிந்த தொப்பி. நிறுத்தவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. உனக்குச் சொல்லவேண்டும் என்று கை தன்பாட்டில் போனுக்குப் போய்விட்டதடா.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்த காலத்தில் நீதான் அவரை வீட்டுக்குள் கொண்டுவந்தாய். ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவப் போகுமுன் அவருடைய பழைய படம் ஒன்று பார்க்காவிட்டால் உனக்குச் சரிவராது. இங்கிலீசையும் அவரிடம்தான் படித்தாய். கோப்பை கழுவுகிறவன் பெரிய கனவான் மாதிரிக் கதைக்க, மனேச்சர் திகைத்துப்போவான். அவருடைய சரித்திரம் முழுக்க உனக்குப் பாடம். பேக்கரிக்காரரின் மகன், குதிரையேறத் தெரிந்ததால் கூட்டத்தில் ஒருவராகப் படத்துக்குள் நுழைந்தார், படக் கொம்பனி பல்லைத் திருத்தி, பெயரையும் மாற்றி, ஏழு வருட ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டது. "எங்கடை பேரை இமிகிரேசன்காரன் வெட்டின மாதிரித்தான்" என்பாய். பிறகு கதாநாயகன், பிறகு கொம்பனியோடு சண்டை, தலை நரைத்தபின் அப்பா வேடங்கள். அந்த அப்பா வேடங்கள்தான் திறம் என்று என்னோடு எத்தனை தரம் மல்லுக்கு நின்றிருப்பாய்.

போன மாரியில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் மனைவி என்னை அறைக்கு வெளியே கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, கான்சர் எண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அல்சர் எண்டுதான் சொல்லியிருக்கிறம்." எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்வதுதான். யாரிடம் விவரம் சொல்வது என்று டாக்குத்தர் தயங்கி உன்னிடமே கேட்டாராம். எல்லாவற்றையும் மனிசியிடம் சொல்லுங்கள் என்று நீ சொல்லிவிட்டாயாம். எங்கள் எல்லோரையும்விட இங்கிலீஷ் தெரிந்தவனிடம், மருந்துப் பையில் எழுதியிருந்ததை வாசிக்கக்கூடியவனிடம் மறைத்தோம். என்ன மடைத்தனம்!

நானும் ஒவ்வொரு பின்னேரமும் வந்து பொய் சொன்னேன். சித்திரைக்குள் எழும்பிவிடுவாய், நயாகராவுக்குப் போவோம் என்றேன். நீ தலையாட்டினாய்.

ஒருநாள் அவருடைய கடைசிப் படத்தைப் பற்றிச் சொன்னாய். அந்தக் கதையை அதுவரை நீ வாயில் எடுத்ததேயில்லை. படம் பிடிக்கும்போதே அவருக்கு நோய் முற்றிவிட்டது. மனைவிக்குத் தெரியும், டைரக்டருக்குத் தெரியும். அவருக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"அவருக்கும் தெரியுமடா," என்றாய். "மனிசி உடைஞ்சுபோகும் எண்டு தெரியாத மாதிரி நடிச்சவர். ஒருத்தனிட்டையாவது வாய்விட்டுக் கதைச்சிருந்தால் மனுசனுக்குக் கொஞ்சம் லேசாயிருந்திருக்கும்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முப்பது வருடச் சிநேகிதம். சூப் கொஞ்சம் குடிக்கிறியோ என்று கேட்டேன். ஓம், தா என்றாய். பாதிக் கோப்பை குடித்தாய். அடுத்த கிழமை நீ இல்லை.

அந்தச் சூப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். நான்தான் உள்ளே வரவில்லை.

இன்று காலை உன் மனைவி எனக்குப் போன் எடுத்தார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "அவர் ஒண்டும் தெரியாமலே போயிட்டார், அண்ணை. அது ஒண்டுதான் எனக்கு ஆறுதல்" என்றார்.

உனக்குத் தெரியும் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பேன், நீயே சொல்லு.

"ஓம் தங்கச்சி," என்றேன். "அவனுக்கு ஒண்டும் தெரியாது."