பதினோரு தடவை வாசல் வரை

செப்டம்பர் 3, செவ்வாய்

பள்ளியில் மீட்டிங். நவம்பர் சுற்றுலாவுக்கு வேலை பிரித்தார்கள். ஜகார்த்தா, மூன்று மியூசியம், எண்பத்து நான்கு பிள்ளைகள், இரண்டு பஸ். துணைத் தலைமையாசிரியர் ஹர்யாந்தோ சார் தாளைப் பார்க்காமலே சொன்னார்: "சாப்பாட்டுப் பெட்டி, பைங்க எல்லாம் புர்வந்தி அம்மா. எண்பத்து நாலு பெட்டி. எண்ணிப் பார்த்து வச்சுக்குங்க."

ஒவ்வொரு வருஷமும் எண்ணிக்கை மட்டும்தான் மாறும். மற்றபடி இதே வாக்கியம். கிளார்க்காகச் சேர்ந்ததிலிருந்து பதினோரு தடவை ஜகார்த்தா போய் வந்திருக்கிறேன். மூன்று மியூசியத்தின் வாசலும் எனக்கு அத்துப்படி. எந்தப் படியில் எத்தனை மணிக்கு வெயில் ஏறும் என்று கேட்டால் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால்? பைகளுக்கு நடுவில் நானும் டிரைவர் மர்ஜோனோவும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்போம். பிள்ளைகள் வெளியே வந்து, "கிண்ணத்துல சாப்பிடற யானையைப் பார்த்தோம்" என்று சிரிக்கும். அந்த மியூசியத்தின் முன்னால் வெண்கல யானை ஒன்று நிற்கிறது. அதைத்தான் கேலி பண்ணுகிறார்கள் என்று நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

இன்று எனக்கு என்ன வந்ததோ. "இந்த வருஷம் பிள்ளைங்கள நான் உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அறையே சிரித்தது. "உள்ள போனா வெளிய வர வழி தெரியுமா அம்மா? உங்களுக்குத் தெரிஞ்சது பஸ் நிறுத்தற இடம் மட்டும்தானே!" - இது ஹர்யாந்தோ சார்.

தலைமையாசிரியை பிரதிவி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "முதல்ல நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. மூணையும் ஒரே நாள்ல முடிக்க முடியுமா, பிள்ளைங்கள எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு எழுதிக் கொடுங்க. பதினாறாம் தேதி முடிவு பண்ணலாம்."

முடியாவிட்டால்? மறுபடி படிதான். ஓய்வு பெறும் வரை படிதான்.

செப்டம்பர் 5, வியாழன்

"தனியாவா?" என்றார் வீட்டுக்காரர். "தனியாவா?" என்றாள் அக்கா. முட்டை கொண்டுவருகிறவர்கூட "தனியாவா?"

"தொலைஞ்சா ஃபோன் பண்ணு, வந்து அள்ளிட்டு வரேன்" என்கிறார் இவர். நானா தொலைகிறவள்? கரண்ட் போன இருட்டிலும் "உப்பு அடுப்புக்கு மேற்கே இருக்கு" என்று சொல்லி எடுக்க வைப்பவள். எங்கள் ஊர் பந்துலில் எரிமலை வடக்கே, கடல் தெற்கே. அது போதாதா?

செப்டம்பர் 13, வெள்ளி

ரயில். மடியில் யாருடைய பையும் இல்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

செப்டம்பர் 14, சனி

கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது.

எட்டரைக்கே யானை நிற்கும் மியூசியத்துக்குப் போய்விட்டேன். காவலாளி, "கூட்டம் எங்கம்மா?" என்றான்.

"என்ன கூட்டம்?"

"உங்க ஸ்கூல் கூட்டம். பஸ் இன்னும் வரலையா?"

நல்ல பாத்திக் துணி உடுத்திக்கொண்டு போயிருந்தேன். இருந்தாலும் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருக்கும் போல. "நான்தான்பா கூட்டம். ஒரே ஆள்" என்றேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். அப்போது வேறொரு ஊர்ப் பள்ளி வந்து இறங்கியது. இளவயது டீச்சர் ஒருத்தி இரண்டு கை நிறையப் பைகளைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். "அம்மா, கொஞ்சம் பார்த்துக்குங்க, இதோ வந்துடறோம்." அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? உட்கார்ந்துவிட்டேன்! கூச்சமில்லாமல் உட்கார்ந்து, பைகளைப் பெரிது சிறிது என்று அடுக்கவும் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் போனது. வியர்வை துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் விரலிடுக்கில் டிக்கெட் இருப்பதைப் பார்த்தேன். நனைந்து சுருண்டிருந்தது.

சீ, என்ன பிறவி நான்! யாராவது பையைப் போட்டால் உட்கார்ந்துவிடுவதா?

அந்த டீச்சர் தண்ணீர் பாட்டில் எடுக்க வந்தாள். எழுந்து நின்றேன். "உங்க பைங்களை நீங்களே பார்த்துக்குங்கம்மா. நான் இன்னிக்குப் பார்க்க வந்தவ."

"ஐயோ, நீங்க இங்க வேலை பார்க்கிறவங்க இல்லையா?"

"இல்ல. டிக்கெட் வாங்கினவ." சுருண்ட டிக்கெட்டை உயர்த்திக் காட்டினேன். சொல்லியே விட்டேன்.

உள்ளே போனால் - எப்படி எழுதுவது? மண்டையோடுகள் மேல் கால் ஊன்றி, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கல் மனிதர். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. நான் வெளியே கடலை கொறித்த நாளெல்லாம் இவர் இங்கேதான் நின்றிருக்கிறார். முற்றத்துக்கு வந்தேன். தொந்தியும் தும்பிக்கையுமாகக் கணேசர். தும்பிக்கை நுனி கையிலிருந்த கிண்ணத்துக்குள்.

கிண்ணத்தில் சாப்பிடுகிற யானை!

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. மர்ஜோனோ, நாம் பதினோரு வருஷமும் தப்பான யானையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

மீதி இரண்டும், பாவைக்கூத்து மியூசியமும் பழைய நகர மாளிகை மியூசியமும், ஒரே சதுக்கத்தில் இருக்கின்றன. துறைமுகம் பக்கம் என்று தெரியும். துறைமுகம் என்றால் கடல். கடல் என்றால் தெற்கு. பஸ் நிலையத்தில் நிமிர்ந்து நின்று, "தெற்கே போற பஸ் எது தம்பி?" என்று கேட்டேன். "தெற்கா? இதோ, இந்தப் பக்கம்" என்று அவனும் கையைக் காட்டினான். ஏறி உட்கார்ந்தேன். போகிறது, போகிறது, கடல் காற்றே வரவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் துணிக்கடைகள்!

மணி பன்னிரண்டரை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரிடமிருந்து செய்தி: "தொலைஞ்சுட்டியா?" ஃபோன் பண்ணிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஹர்யாந்தோ சாரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு கிண்ணம் பக்ஸோ, இறைச்சி உருண்டை சூப், வாங்கிக்கொண்டு, "இல்லை. சாப்பிடுகிறேன்" என்று பதில் போட்டேன். பொய் இல்லையே.

வண்டிக்காரி என் பேச்சைக் கேட்டதும் பிடித்துக்கொண்டாள். "நம்மூர்ப் பக்கமா அக்கா? நான் வோனோகிரி. கடலைத் தேடி இங்க வந்தீங்களா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"வந்த புதுசுல நானும் மூணு தடவை இங்கதான் வந்து இறங்கினேன்! இந்த ஊர்ல கடல் வடக்கே, மலை தெற்கே. ஊரையே அப்படியே திருப்பிப் போட்டுக்குங்க, அப்புறம் தொலையவே மாட்டீங்க." சூப் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "இந்த ஊர்க்காரங்ககிட்ட திசை கேக்காதீங்க. இடது வலது தவிர ஒண்ணும் தெரியாது."

கண்ணை மூடி, பந்துலின் எரிமலையைத் தூக்கித் தெற்கே வைத்தேன். கடலைத் தூக்கி வடக்கே வைத்தேன். தலை சுற்றியது. பிறகு எல்லாம் டக்கென்று உட்கார்ந்துவிட்டது. வடக்கே போகிற பஸ். ஒன்றே முக்காலுக்குச் சதுக்கம். மேற்குப் பக்கம் பாவை மியூசியம்; ஓடி ஓடிப் பார்த்தேன், ஆனால் பார்த்தேன். தெற்குப் பக்கம் நகர மாளிகை. "இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு, பரவாயில்லையாம்மா?" என்றாள் டிக்கெட் கொடுக்கிற பெண்.

"பதினோரு வருஷம் வெளிய நின்னவளுக்கு அரை மணி நேரம் தாராளம்மா."

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் சதுக்கம் முழுவதும் தெரிகிறது. வருஷா வருஷம் பைகளோடு நான் உட்காரும் கல் உருண்டை கீழே வெயிலில் காலியாகக் கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று அதைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ரயிலில் நாலு பக்கம் எழுதி முடித்தேன். எந்த வாசல், எந்தச் சுவர், எங்கே தண்ணீர், எங்கே கழிப்பறை. பழைய நகரம் காலையில், யானை கடைசியில்.

செப்டம்பர் 16, திங்கள்

ஹர்யாந்தோ சார் என் தாளை எடுத்து உரக்கப் படித்தார். "'கிழக்கு வாசலில் நுழைந்து, வடக்குச் சுவர் ஓரமாக...' என்னம்மா இது? மியூசியத்துக்குப் போறதா, வயலுக்குப் போறதா?"

சிரித்தார்கள். முன்னைவிடக் குறைவாகத்தான்.

பிரதிவி அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "சார், நீங்க எத்தனை தடவை உள்ள போயிருக்கீங்க?"

"பன்னிரண்டு."

"கிண்ணத்துல சாப்பிடற யானை எங்க இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் கூரையைப் பார்த்தார். முடிவு: பாதிப் பிள்ளைகள் அவரோடு, பாதி என்னோடு. நாற்பத்திரண்டு பேர்! வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தேன்: ஜகார்த்தாவில் இறங்கியதும் ஊரைத் திருப்பிப் போடுங்கள். ஹர்யாந்தோ சாரோடு போகிற பிள்ளைகளும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கேட்டார்கள். நான் விரட்டவில்லை.

நவம்பர் 21, வியாழன்

நேற்று நடந்ததைத் திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து குதிக்கிறது. குதிக்கட்டும்.

நகர மாளிகைக் கூடத்தில் நாலு பள்ளிகள் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டன. யார் பிள்ளை எது என்று தெரியவில்லை. ஹர்யாந்தோ சார் கைமைக்கில், "இடது பக்கம்! எல்லாரும் இடது பக்கம்!" என்று கத்தினார். அவரைப் பார்த்து நின்றவர்கள் ஒரு பக்கம் ஓடினார்கள், முதுகு காட்டி நின்றவர்கள் மறுபக்கம் ஓடினார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடின. ஒரு சிறுமி அழ ஆரம்பித்தாள்.

நான் நாற்காலி மேல் ஏறினேன். "பந்துல் பிள்ளைங்களா! மேற்குச் சுவர்!"

மற்றப் பள்ளிகள் திருதிருவென்று விழித்தன. எங்கள் பிள்ளைகள் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள். எண்ணினேன். நாற்பத்திரண்டு இல்லை. எண்பத்து நான்கு.

ஹர்யாந்தோ சார் கடைசியாக வந்து சேர்ந்தார். மைக்கை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அடுத்தது எந்தப் பக்கம் அம்மா?"

"தெற்கே, சார்."

யானை மியூசியத்தின் படியில் சாப்பாட்டுப் பெட்டிகளை இறக்கினோம். யார் இருப்பது? பழக்கதோஷம், எல்லாக் கண்ணும் என் மேல். "அம்மா எங்களோட வரணும்!" என்று பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டன. ஹர்யாந்தோ சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் இருக்கேன். நீங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"எண்பத்து நாலு பெட்டி, சார். எண்ணிப் பார்த்து வச்சுக்குங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நிஜமாகவே எண்ணவும் ஆரம்பித்தார்.

பஸ் நிழலில் மர்ஜோனோ வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க, கிண்ணத்துல சாப்பிடற யானையைக் காட்டறேன்."

"அதான் இங்க நிக்குதே."

"அது இல்ல. பேசாம வாங்க."

வாசலில் அதே காவலாளி. அடையாளம் தெரிந்துகொண்டான். "என்னம்மா, இன்னிக்கும் ஒரே ஆளா?"

"பின்னால பாருப்பா. எண்பத்தஞ்சு பேர்."

(பத்திரமாக உள்ளே கூட்டிப் போனேன். பத்திரமாக வெளியே கூட்டி வந்தேன். மர்ஜோனோதான் கணேசரை விட்டு நகர மாட்டேன் என்றார்.)