வெட்டாமல் தேடியவள்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியாகிவிட்டதா? போனை எடுத்தால் அவள் பேச்சு வந்துவிடும் என்றுதான் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் பேனாவைப் பிடித்துவிட்டேன். பஸ் ஓட்டுகிறவன் கையெழுத்து, குலுங்கித்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பேங்க் உத்தியோகத்தை உதறிவிட்டு ஆஸ்பத்திரியில் பொட்டி தட்டப் போகிறாள் என்று வருத்தப்பட்டீர்கள்; அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. அங்கே அவள் நோயாளிகளின் குறிப்புகளில் தேடும் ஒரு மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்தாள். சாதாரணத் தேடலில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதே சொல்லைத்தான் தேடும். இவளுடையதில் மாதிரி மட்டும் சொன்னால் போதும். ‘முதலில் இரண்டு எழுத்து, நடுவில் கோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அப்புறம் நான்கு எண்’ என்றால், அப்படி இருப்பதையெல்லாம் பொறுக்கிக் கொடுத்துவிடும். ஒன்றரை வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய துறைத் தலைவரோ, “கடையில கிடைக்கிறத எதுக்கும்மா வீட்டுல செய்யறே?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஞாயிறு காலை, இதய மாத்திரை ஒன்றில், ஒரே தடவையில் தயாரான ஒரு தொகுதி மட்டும் கெட்டுப்போனது என்று செய்தி வந்தது. அதை வாங்கிப்போனவர்களை உடனே கண்டுபிடிக்க வேண்டும். தொகுதி எண்ணை ஒரு நர்ஸ் கோடு போட்டு எழுதியிருப்பார், ஒருவர் இடம் விட்டு, இன்னொருவர் சேர்த்து. லட்சக்கணக்கான குறிப்புகள். விலைக்கு வாங்கிய பழைய மென்பொருள் பாதியிலேயே மூச்சுத் திணறி நின்றுவிட்டது.

ஏன் என்று அவள் சொன்னது எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாமலா போகும்? பழையது ஒவ்வோர் எழுத்தைத் தாண்டும்போதும் மீதியை வெட்டி, அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். நகல் வைக்கவே இடம் தீர்ந்துவிடும். இவளுடையது எதையும் வெட்டாது. எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற இரண்டு குறிகள் மட்டும் நகரும். நீங்கள் துணியில் சாக்பீஸால் குறித்துப் பார்க்கிறீர்களே, அப்படி. ஒவ்வோர் அளவுக்கும் துணியைக் கிழித்துப் பார்த்தால் கடை என்ன ஆகும்?

நான் மதியச் சாப்பாட்டோடு போய் நின்றபோதுதான் தலைவர் வேறு வழியில்லாமல், “சரி, உன்னோடத ஓட விடும்மா” என்றார். அங்கே கொடுத்த டீயை நான் குடித்து முடிக்கவில்லை, பட்டியல் வந்துவிட்டது. ஆனால் பெயர்களெல்லாம் ஓரத்தில் உடைந்து, கட்டம் கட்டமாகத் தெரிந்தன. தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பதறவில்லை. நம் எழுத்து ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குள் பல துண்டாக இருக்குமாம். முடிவுக் குறி ஓர் எழுத்தின் நடுவிலேயே விழுந்துவிட்டது என்றாள். ‘கொ’ என்றால் கொம்பும் காலும் பிரியாமல் நகரும்படி அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தாள். இரண்டாம் தடவை எல்லாப் பெயர்களும் முழுசாக வந்தன.

தலைமை நர்ஸ் அப்போதும் நம்பவில்லை. சில கோப்புகளைக் கையால் புரட்டி ஒப்பிட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார்கள். அதில் ஒரு தச்சர், வெயிலால் தலை சுற்றுகிறது என்று நினைத்து அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் வார்டில் சேர்த்துவிட்டார்கள். இப்போது எழுந்து உட்கார்ந்து, கட்டில் கால் ஆடுகிறது என்று குறை சொல்கிறாராம். அவர் மனைவி வந்து உங்கள் மகளின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இவளோ, “நான் தேட மட்டுந்தான் செஞ்சேன், போன் பண்ணினது அவங்க” என்று நர்ஸைக் காட்டினாள்.

நான் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். “வண்டிய எடுங்கண்ணே, மீதிய அடுத்த ஸ்டாப்புல சொல்லலாம்” என்கிறார் கண்டக்டர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அவள் இதை மேடையேறி விளக்கப் போகிறாள். ஏற்பாடு செய்தவர் அதே தலைவர்தான். குடும்பத்தாருக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் யார் என்று கேட்டதற்கு, “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் வருவதானால் எந்த வண்டி என்று ஒரு வார்த்தை போதும், ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம், அத்தை. நீங்களாகவே வந்ததாக இருக்கட்டும்.

எங்கள் இருவருக்கும் உங்கள் ஆசியைக் கேட்கும்,
மாப்பிள்ளை