கிண்ணத்தில் போடாத மோதிரம்

வில்னியஸ்
நவம்பர் 9

அன்பு மகள் மில்தாவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மெல்போர்னில் உன் ஆய்வுக்கூட வேலையோடு நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். கல்லறைத் திருநாளன்று அம்மாவுக்கு மூன்று விளக்கு வைத்தேன், ஒன்று உன் பங்குக்கு. மழையில் இரண்டு அணைந்தன, மறுபடி ஏற்றிவிட்டு வந்தேன். ஜூனில் கல்யாணம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாப்பிள்ளை கையில் போட என் கல்யாண மோதிரத்தைக் கேட்டிருந்தாய், அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். உட்கார்ந்து படி.

ஔரிமாஸை உனக்குத் தெரியும், எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை, போன கோடையில் ஏரியில் படகைக் கவிழ்த்து உன்னை நனைத்தவன். அவனுக்கு வலது கண் போய்விட்டது. அக்டோபர் ஏழாம் தேதி காலை, உலோகத் தகட்டில் லேசரால் கோடு போட்டுக்கொண்டிருந்தோம், அதுதான், முடியைவிட நூறு மடங்கு மெல்லிய கோடுகள், பெயின்ட் இல்லாமலே தகட்டுக்கு நிறம் கொடுக்கும் வேலை. கேமராவில் நிறம் சரியாகத் தெரியவில்லை என்று அவன் பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு நொடி நெற்றிக்குத் தூக்கினான். அந்த நொடியில் கண்ணுக்கே தெரியாத அந்த ஒளி எங்கோ பட்டுத் திரும்பி அவன் கண்ணில் விழுந்தது. கண்ணாடியைத் தூக்கியது அவன் குற்றம் என்று விசாரணைக் குழு எழுதிவிட்டது, வரும் திங்கட்கிழமை அவனை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள். எதில் பட்டுத் திரும்பியது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அறை வாசலில் இருக்கும் மரக்கிண்ணத்தைச் சின்ன வயதில் நீ பார்த்திருக்கிறாய். பளபளக்கும் எதுவும் ஒளியைத் திருப்பிவிடும் என்று மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். "தினமும் கல்யாணத்தக் கழட்டிக் கிண்ணத்துல போட்டுட்டு வேலைக்குப் போற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று அம்மா கேலி செய்வாள். முப்பது வருஷம் கழற்றினேன். பிப்ரவரியில் அவள் போன பிறகு என்னால் கழற்ற முடியவில்லை மில்தா, ஒரு நாள்கூட முடியவில்லை. ரப்பர் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு எட்டு மாதம் உள்ளே போய் வந்தேன், எல்லோருக்கும் விதி சொல்லிக்கொடுக்கிற நான். அன்றைக்குத் தகட்டுக்கு அடியில் இருந்த சின்னத் திருகு விரலுக்குப் பிடிபடவில்லை என்று கையுறையைக் கழற்றினேன். லேசரின் சக்தியைக் குறைக்காமலே மோதிரக் கையை உள்ளே விட்டேன், அவசரம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். எனக்குத் தேநீர் ஊற்றினான், பாதி கோப்பைக்கு வெளியே போயிற்று, அவனே சிரித்தான். "அண்ணே, குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி இருக்கிற அந்தக் கண்ணாடியத் தூக்கினது நான். நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? கண்ணு ஒண்ணு மிச்சம் இருக்குல்ல, வாத்து சுட ஒரு கண்ணே போதும்" என்று என்னைத் தேற்றுகிறான். அவன் மனைவி என் தட்டில் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு அப்பம் வைத்தாள். வெட்கமில்லாமல் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் வந்தேன். அப்படிப்பட்டவன் உன் அப்பா, தெரிந்துகொள்.

மோதிரத்தின் வெளிப்பக்கம் கடுகளவு ஒரு புள்ளி இருக்கிறது. இப்படிப் பிடித்தால் நீலம், சாய்த்தால் சிவப்பு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், எங்கள் தகட்டில் இருக்கும் அதே கோடுகள், அதே இடைவெளி. ஒளி இதில்தான் பட்டுத் திரும்பியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாமல் அரம் வைத்துத் தேய்த்துவிட்டு உனக்கு அனுப்பிவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன், அரத்தைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு உன் மாப்பிள்ளை விரலில் அது இருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

நாளைக் காலை ஔரிமாஸிடம் முதலில் சொல்லிவிட்டு, மோதிரத்தையும் என் வாக்குமூலத்தையும் குழுவிடம் கொடுக்கப் போகிறேன். வேலை போகும், வழக்கும் வரலாம். அவன் வீட்டுக் கதவு இனி எனக்குத் திறக்காமலும் போகலாம். அவனுக்குக் கண் வராது.

அம்மாவின் மோதிரத்தைத் தனியாக அனுப்புகிறேன், அது சுத்தமானது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் வாழ வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு உன் ஆய்வுக்கூடத்துக்குள் போகும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போ. ஒரு நாளும் மறக்காதே, என்ன துக்கம் இருந்தாலும்.

உன் அப்பா
வைதோதாஸ்