சீர்த்தட்டில் ஓட்டைக் கிண்ணம்

என் அருமை மச்சான் அருளுக்கு,

வந்துவிட்டதடா! நம் பட்டறையில் கட்டில் காலையும் பூரிக்கட்டையையும் தவிர வேறு எதுவும் பிறக்காது என்பாயே, ஒரு கிண்ணம் பிறந்துவிட்டது. அதுவும் எந்த மரத்தில் தெரியுமா? உன் வீட்டு வாசலில் நீ நட்டு வளர்த்த பலாவில். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் ஊர்ச் செய்தி. அரியலூரை மாவட்டம் என்றார்கள், அப்புறம் இல்லை என்றார்கள், இப்போது மறுபடியும் மாவட்டமாம். ஆண்டிமடம் கடைத்தெருவில் நம் பட்டறை அதே இடத்தில்தான் இருக்கிறது. உன் கடைசல் மிஷினில் இன்னும் யாரையும் கைவைக்க விடவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு தரம் நானே ஓட்டிவிடுகிறேன். நீ போன இந்த இரண்டு வருஷத்தில் வந்த பெரிய செய்தி, உன் மகள் ஜெசிந்தாவின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஏலாக்குறிச்சி, வாத்தியார் வேலை. நல்ல பிள்ளை, உன்னைப் போல வாயாடி இல்லை.

உன் பலா போன வருஷக் காற்றில் சாய்ந்துவிட்டது. நல்ல பாகமெல்லாம் கதவுக்கும் நிலைக்கும் போனது. பொந்து விழுந்த துண்டு மட்டும் கொல்லையில் கிடந்தது. எப்போதோ கிளை ஒடிந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அதைச் சுற்றிக் கரும்பழுப்பில் சுழி சுழியாக ரேகை. உன் வீட்டுக்காரி, தங்கச்சி பிலோமினா, விறகுக்குத்தான் ஆகும் என்று அதைக் கல்யாண அடுப்புக்கு ஒதுக்கி வைத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெசிந்தா பட்டறைக்கு வந்தாள்.

"மாமா, அப்பா வெச்ச மரத்துலேருந்து ஒண்ணாச்சும் நான் எடுத்துக்கிட்டுப் போவணும். சீர்ல வெக்கிற மாதிரி ஒரு கிண்ணம் கடைஞ்சு குடுங்க."

அவள் கேட்டபிறகு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் ஏது? ஆனால் பிலோமினா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஓட்ட மரத்துல போயி என்னத்தண்ணே கடையப் போறீங்க? சீர்த்தட்டுல விரிஞ்சதும் ஓட்டையும் வெக்கலாமா? பொண்ணோட கொறையும் சேந்து வந்துருக்குன்னு சம்பந்தி வூட்டு சனம் பேசாதா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சீர் வந்து இறங்கியதும் ஒவ்வொரு பாத்திரத்தையும் தூக்கி, திருப்பி, தட்டிப் பார்க்கிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் துண்டைத் தூக்கி வந்துவிட்டேன்.

இரண்டாக அறுத்தேன். அடிப்பாதி முழுக்கக் கரையான் தடம். மேல்பாதியில்தான் அந்த ஓட்டை, ஆனால் மரம் உறுதி. கட்டில் காலுக்கு இரண்டு முனையிலும் பிடி இருக்கும், கிண்ணத்துக்கு ஒரு பக்கம்தானே? இரும்புத் தட்டில் நான்கு திருகாணி போட்டு இறுக்கி, பக்கத்துக் கடைக்காரரின் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு மிஷினைப் போட்டேன். நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓட்டை வந்து உளியை டக் டக்கென்று தட்டியது. ஒருமுறை உளி கையை விட்டே போய்விட்டது. ஆனால் உள்ளே மஞ்சள் தெரியத் தெரிய எனக்குப் பயம் போய்க் குஷி வந்துவிட்டது. என்ன நிறம்டா அது! கட்டில் காலுக்குப் பெயிண்ட் அடித்து அடித்து மரத்தின் முகத்தையே நாம் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். நீயாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாய். சொத்தையைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்காதே. அரக்கை உருக்கி, பலாத்தூளைக் குழைத்து, நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து ஓட்டையை அடைத்துவிட்டேன். மெருகு போட்டதும் எனக்கே இடம் தெரியவில்லை. பிலோமினா தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாட்டம் இருக்குண்ணே" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் ஜெசிந்தா வந்தாள். கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் முகம் மலரவே இல்லை.

"ஓட்ட எங்க மாமா?"

"அடைச்சிட்டேன்மா. கண்டுபுடி பாப்போம்!"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் உன் கள்ளத்தனம் எனக்குத் தெரிந்தது. பீடியை விட்டுவிட்டேன் என்று பிலோமினாவிடம் சத்தியம் செய்துவிட்டு, பீடிக்கட்டு ஒன்றை அந்தப் பொந்துக்குள் ஒளித்து வைப்பாயாமே? பார்த்துவிட்ட மகள் வாயைத் திறக்காமல் இருக்க, பக்கத்திலேயே தினமும் ஒரு கடலை மிட்டாயாமே? முப்பது வருஷம் பக்கத்து மிஷினில் நின்ற என்னிடம்கூடச் சொல்லவில்லையே, பாவி!

"அப்பா செத்த அன்னைக்கு எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. நான் போயி கைய வுட்டுப் பாத்தேன் மாமா. ஒரு மிட்டாய் இருந்துச்சு."

கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன் மச்சான். நான் அடைத்தது ஓட்டையை இல்லை என்று அப்போது புரிந்தது.

அவளை அனுப்பிவிட்டு உளியை எடுத்தேன். விரல்கனத்துக்கு இழைத்த கிண்ணத்தைச் சூடு காட்டினால் வெடிக்கும். அதனால் சின்ன உளியால் அரக்கைக் கடுகு கடுகாகப் பெயர்த்தேன். ஒன்றரை நாள் ஆனது. கடைசித் துணுக்கு வரும்போது கிணுக்கென்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து ஓட்டையின் பக்கமாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மரத்தில் ஓட்டை இருந்த துண்டு அது ஒன்றுதானே? பெண்ணிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

ஒரே வழிதான் இருந்தது. விரிசல் போன மட்டும் விளிம்பைக் கடைந்து இறக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் பாலம்போல நிற்கிற மரம் தெறித்துவிடும். என் மிஷினில் எனக்குத் தைரியம் வரவில்லை. உன் மிஷினில் மாட்டினேன். அது ஆடாமல் ஓடும் என்று நீ பீற்றிக்கொள்வாயே, உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிமுடியாக இறக்கினேன். விரிசல் குறைந்தது, இன்னும் குறைந்தது, காணாமல் போனது. மிஷினை நிறுத்திப் பார்த்தால் ஓட்டைக்கு மேலே அரைவிரல் பாலம் அப்படியே நிற்கிறது! நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. ஹெல்மெட்டோடு குதிக்கிற கிழவனைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

இனிதான் முக்கியமான செய்தி, கவனமாகக் கேள். சீர் எடுத்துப் போகும்போது அந்தக் கிண்ணத்தை எந்தத் தட்டில், எந்த மூலையில் மறைப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பிலோமினா வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள். தட்டில் அதை மட்டும் வைத்து, தானே ஏந்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

நினைத்தபடியே மாப்பிள்ளையின் பெரியம்மா கிண்ணத்தைத் தூக்கினார். ஓட்டைக்குள் விரலை விட்டார்.

"என்னங்க இது, ஓட்டையா இருக்கு?"

கூட்டம் கிண்ணத்தைச் சுற்றி நெருங்கியது. ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிலோமினா நிமிர்ந்து சொன்னாள். "அது ஓட்ட இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு பீடி ஒளிச்சு வெக்கிற எடம். எனக்குத் தெரியாதுன்னே நெனச்சுக்கிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. மவ கல்யாணத்துக்கு அவரும் வரணும்ல?"

அவளுக்கு எல்லாம் தெரியுமடா மச்சான்! கடைசிவரை தெரியும்! அந்தப் பெரியம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கிண்ணத்தை அவரே கொண்டுபோய்ச் சீர்வரிசையின் நடுவில் வைத்தார்.

மறுநாள் பிலோமினா என்னிடம் கேட்டாள், "மீதி மரம் இருக்காண்ணே? எனக்கும் ஒண்ணு வேணும்." விறகுக்குத்தான் ஆகும் என்று சொன்ன அதே வாய்! அந்தக் கரையான் பாதியை நாளைக்கு உன் மிஷினில் மாட்டுகிறேன். ஒரு தடத்தைக்கூட அடைக்க மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் மச்சான்,
பக்கத்து மிஷின் ராமலிங்கம்