தண்ணீர் போகும் வழி

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை எங்கள் ஊர் நடுக்கடலில் கிடந்தது.

ட்ரோன் எடுத்த புகைப்படத்தைக் கணினியில் திறந்தால் கூரைகள், மரங்கள், சந்தை எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் சுற்றிலும் கடல். நிலத்தின் உயரத்தைச் சொல்லும் இன்னொரு படம் மட்டும் சமர்த்தாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. உலகப் படத்தில் இது எந்த இடம் என்று சொல்லும் குறிப்பு இல்லாமல் புகைப்படத்தை என்னிடம் தள்ளியிருக்கிறார்கள். மென்பொருள் பாவம் என்ன செய்யும், தோன்றிய இடத்தில் வைத்துவிட்டது. ட்ரோன் ஓட்டுபவளைக் கூப்பிட்டேன். அலுவலகத்தில் அவளுக்குப் பருந்து என்று பெயர்.

“மறந்துட்டேன்டி, அடிச்சுடாதே.”

“ஊரையே கடல்ல தள்ளிட்டு மறந்துட்டேன்னா?”

குறிப்பைச் சேர்த்ததும் ஊர் கரையேறியது. மாதக் கடைசியில் நான் போடும் வெள்ள வரைபடத்தை ஊர்ச்சபையில் வைக்கவேண்டும். அதில் சிவப்பு விழுந்த இடத்தில் யாரும் குடியிருக்கக்கூடாது. வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே போகவேண்டியதுதான். மஞ்சள் என்றால் தண்ணீர் வரும், ஆனால் வாசலை உயர்த்திக்கொண்டு இருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்

உயரப் படம் முழுக்க ஒரே சாம்பல். மலையும் சாம்பல், பள்ளமும் சாம்பல். மேலதிகாரி வந்து எட்டிப் பார்த்து, “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எதைக் கேட்டாலும் ‘சரிபார்த்தாச்சு’ என்பார், பார்த்திருக்கவே மாட்டார். அதனால் அவருக்குப் பெயரே சரிபார்த்தாச்சு.

மதியம் பிடித்துவிட்டேன். உயரம் அளக்க முடியாத கட்டங்களில் அடையாளத்துக்காக மைனஸ் ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண் போட்டிருக்கிறது. மென்பொருள் அதை நிஜமான ஆழம் என்று நம்பிவிட்டது! ஊருக்குள் பாதாளம் இருக்கிறதென்றால் அதன் பக்கத்தில் மலையாவது மேடாவது, எல்லாம் சமதரைதான். அது எண் இல்லையடா, வெறும் காலி இடம் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு நொடிதான். மலை எழுந்து நின்றது. நாற்காலியிலிருந்து நானும் எழுந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பெருமழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கணக்கு ஓட்டினேன். மலையடிவாரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் பழைய ரயில் மேட்டில் வந்து முட்டுகிறது. ரயில் நின்று எத்தனையோ வருடம் ஆயிற்று. தண்டவாளத்தைக் கூடப் பெயர்த்துவிட்டார்கள். மேடு மட்டும் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. மேட்டுக்கு அந்தப்பக்கம் முழுக்கச் சிவப்பு. ஆள் மூழ்கும் ஆழம்.

அந்தப்பக்கம் அக்கா வீடு.

அக்காவும் அத்தானும் அந்த வீட்டை ஒவ்வொரு அறையாகக் கட்டினார்கள். முன்னறையில் அக்காவின் தையல் மேசை. ஜன்னல் பெரிதாக வேண்டும் என்று சண்டை போட்டு வைத்தவள் அவள், வெளிச்சம் மேசை மேல் விழவேண்டுமாம். அதன் மேல் என் கையாலேயே சிவப்பு பூசியிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

வேறு வாயால் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடலாம் என்று போனேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“நீ போட்ட படமா?”

“நான்தான். ஆனா படம் சொல்றதைத்தானேக்கா நான் சொல்ல முடியும்?”

“இத்தனை வருஷத்துல இந்தத் தெருவில தண்ணி நின்னு நான் பார்த்ததில்லை. மழை விட்டா அரை மணியில காணாமப் போயிடும். உன் படத்துக்கு அது தெரியுமா?”

“எங்கே போகுது?”

“எனக்கென்ன தெரியும்? போகுது!”

வழியனுப்ப வாசல்வரை வருகிற அத்தான் இன்று வரவில்லை. அதுதான் குத்துகிறது.

மார்ச் 12, புதன்

போகுது என்றால் எங்கே?

மார்ச் 13, வியாழன்

சரிபார்த்தாச்சுவிடம் மேட்டுப் பக்கம் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க அக்கா வீடு அங்கதானே இருக்கு?”

“ஆமா.”

“அப்ப விட்டுடும்மா. சரியாவே இருந்தாலும் நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க.”

கோபத்தில் காது சுட்டது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. என் சந்தேகம் எனக்குள் எங்கிருந்து வந்தது? படத்திலிருந்தா, அக்கா முகத்திலிருந்தா? இதே படத்தில் யாரோ ஒருத்தி வீடு மூழ்கியிருந்தால் இரண்டாம் தடவை பார்த்திருப்பேனா?

பார்த்திருக்கவேண்டும். அதுதான் பதில். யார் வீடாக இருந்தாலும் பார்த்திருக்கவேண்டும். அதனால் பார்க்கப்போகிறேன், யார் என்ன பேசினாலும் பேசட்டும்.

மார்ச் 14, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

கணக்கு ஓட்டுவதற்குமுன் நாங்கள் எல்லோரும் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலை உண்டு. உயரப் படத்தில் அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். பெரும்பாலும் அளவெடுப்பில் வந்த பிசகு. அதில் தண்ணீர் சிக்கிக்கொண்டால் கணக்கு நகராது. ஆகவே ‘பள்ளம் நிரப்பு’ என்று ஒரு பொத்தானை அழுத்திவிடுவோம். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பொத்தான் அது. சின்னது பெரியது பார்க்காமல் அத்தனையும் நிரவிவிடும். பல் விளக்குகிற மாதிரி, யோசிக்காமல் அழுத்துவது. இந்தத் தடவையும் அழுத்தினேன்.

இன்று நிரப்பாத பழைய படத்தைத் திறந்து ரயில் மேட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா தெரு முடிகிற இடத்துக்கு நேராக, மேட்டின் அடியில் ஒரு குழி. சரி, குழிதான். மேட்டுக்கு இந்தப்பக்கம் பார்த்தேன். அங்கேயும் ஒரு குழி! நேருக்கு நேர். ஒரே அகலம், ஏறக்குறைய ஒரே ஆழம், இந்தப்பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்வு. அளவெடுப்புப் பிசகு இப்படி ஜோடி போட்டுக்கொண்டு வருமா?

மேலிருந்து பார்க்கும் ட்ரோனுக்கு மேட்டின் முதுகுதான் தெரியும், வயிற்றில் ஓட்டை இருப்பது எப்படித் தெரியும்? ஓட்டையின் இரண்டு வாயை மட்டும் தொட்டுக் காட்டியிருக்கிறது. அதையும் நான் நிரப்பி மூடிவிட்டேன். நானே!

பருந்திடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். “நாளைக்கு லீவுதானே, செருப்பு வேணாம், பூட்ஸ் போட்டுட்டு வா” என்றாள்.

மார்ச் 15, சனி

முள், முள், அதற்குப் பின்னால் யாரோ வீசிய மெத்தை, அதற்குப் பின்னால் மறுபடி முள். பருந்து அரிவாளும் நான் கம்புமாக நுழைந்தோம். மெத்தையை இழுத்ததும் சில்லென்று காற்று முகத்தில் அடித்தது.

செங்கல் வளைவு. குனியாமல் நடக்கலாம். மேட்டைக் கட்டியவர்கள் தண்ணீருக்கு வழி விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். ரயில் போனபின் இப்படி ஒன்று இருப்பது எல்லோருக்கும் மறந்துவிட்டது. தண்ணீர் மட்டும் மறக்கவில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கறை. ஒவ்வொரு மழைக்கும் ஓடியிருக்கிறது.

நான் கத்தினேன். வளைவு திருப்பிக் கத்தியது. பருந்து விசிலடித்தாள். ஏழு கழுதை வயதான இரண்டு பெண்கள் சாக்கடைக்குள் நின்றுகொண்டு ஆட்டம் போட்டோம், வெட்கமே இல்லை.

அளந்து, படம் எடுத்து, அந்தப்பக்கம் நுழைந்தவர்கள் இந்தப்பக்கம் வெளியே வந்தோம். பருந்து நின்றுவிட்டாள்.

“ஏய். அது உன் வீட்டுத் துணிக்கொடி இல்லை?”

ஆமாம். என் வீட்டுக்காரரின் நீலச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, திங்கள்

வளைவைப் படத்தில் திறந்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். மேட்டுக்கு அந்தப்பக்கம் சிவப்பு வடிந்து வெள்ளையானது. அக்கா தெரு தப்பித்தது. இந்தப்பக்கம் மெல்ல மெல்ல மஞ்சள் பரவியது. எங்கள் தெரு முழுக்க. எங்கள் வாசலில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இந்தப் பூதம் நேராக என் வீட்டு முகவரி கேட்டு வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் தப்புக்கு பிரேக் போடுவதுதான் அவர் தொழில். மஞ்சள் எங்கள் வாசல்வரை வருகிறதென்று சொன்னேன். “நிஜமா வருமா?” என்றார்.

“வரும்.”

“அப்ப அப்படியே கொடுத்துடு. இதுல பிரேக் போட எனக்கு உரிமை இல்லை.”

இந்த மனுஷனைச் சும்மா கட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 19, புதன்

சரிபார்த்தாச்சு வளைவின் படங்களைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு என்னை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு எண்ணாகக் கேட்டார். முதல்முறையாக ஒரு விஷயத்தை நிஜமாகவே சரிபார்த்தார்! முடித்ததும், “சபையில நீயே பேசு. நான் பக்கத்தில உட்கார்ந்துக்கறேன்” என்றார். அந்தப் பெயரை மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள். அக்கா பின்வரிசையில், அத்தான் அவள் பக்கத்தில். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நான் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சபைக்கு முன்னால் வீட்டில் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும்.

சிவப்பு விழுந்த பழைய படத்தைக் காட்டினேன். இரண்டு குழிகளைக் காட்டினேன். அதை மூடியது என் பொத்தான்தான் என்றேன். வளைவுக்குள் பருந்து நிற்கும் படம் வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. புதிய படத்தைப் போட்டேன். சிவப்பு இல்லை.

நினைத்தபடியே வந்தது. நடுவரிசையில் ஒரு மரக்கடைக்காரர் எழுந்தார். “அந்தத் தெருவில இந்தம்மாவோட அக்கா வீடு இருக்கு. அக்காவுக்காக மாத்திட்டாங்க, வேற என்ன?”

கோபத்தில் ஏதாவது கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கத்தவில்லை.

“அக்கா வீடு இருக்கிறது உண்மை. இப்ப மேட்டுக்கு இந்தப்பக்கம் பாருங்க. இந்த மஞ்சள்ல, திருப்பத்திலேருந்து மூணாவது வீடு. அது என் வீடு. வளைவைத் திறந்தா தண்ணி அங்கதான் வருது. திறந்தது நான்தான்.”

மரக்கடைக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். அப்புறம் யாரோ கை தட்டினார்கள். பார்த்தால் அத்தான். நின்றுகொண்டு, சுவர் அதிரத் தட்டுகிறார். பிறகு கூடமே தட்டியது.

படம் ஏற்கப்பட்டது. ஒரு வீடும் காலி செய்யவேண்டாம். வளைவைச் சுத்தம் செய்வது என்றும், எங்கள் தெருவுக்கு ஓரமாக வடிகால் வெட்டுவது என்றும் முடிவாயிற்று. வெளியே வந்தால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினாள்: “முன்னாடியே சொல்லியிருந்தா என்னடி? இத்தனை நாளா சோறு இறங்கலை எனக்கு.”

எனக்கும்தான் இறங்கவில்லை, அக்கா.

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்காரர் எங்கள் வாசல் சுவரில், இரண்டாம் படிக்கு நேராக, வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருக்கிறார். மேலே எழுதியிருக்கிறார்: ‘மேடம் சொன்ன இடம்.’ தெருவே நின்று படித்துவிட்டுப் போகிறது. கொழுப்பு!

ஜூன் 18, புதன்

வடிகால் பாதிதான் வெட்டியிருக்கிறார்கள். வானம் நேற்றிலிருந்து கறுத்துக் கிடக்கிறது. கீழே இருந்ததையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டோம்.

ஜூன் 19, வியாழன்

விடியும்போது ஆரம்பித்தது. இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மதியம் வளைவு வழியாகத் தண்ணீர் வந்தது, பழுப்பாக, அவசரமே இல்லாமல், வழி தெரிந்த விருந்தாளி மாதிரி. தெருவை நிரப்பியது. முதல் படி ஏறியது. நானும் வீட்டுக்காரரும் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் படியைத் தொட்டது. வெள்ளைக் கோட்டைத் தொட்டது. நின்றது.

நான் எழுந்து குதித்தேன். “பார்த்தீங்களா! பார்த்தீங்களா!”

“வாசல்ல வெள்ளம் வந்தா ஒப்பாரி வைப்பாங்க. நீ குதிக்கிறே” என்றார். ஆனால் அவரும்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா போன் செய்தாள். “இங்க அரை மணியில வடிஞ்சிடுச்சு. அங்கே?”

“கோட்டைத் தொட்டுடுச்சுக்கா!”

“இதுக்கு இவ்வளவு சந்தோஷமா? கிளம்பி வாங்க ரெண்டு பேரும். அத்தான் மேட்டு மேல காத்துட்டு நிக்கறார்.”

நின்றார், குடையை எனக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே.

இதை அக்காவின் தையல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் சிவப்பு பூசிய அதே அறை. பெரிய ஜன்னல் வழியாக இன்னும் வெளிச்சம் வருகிறது. அக்கா பக்கத்தில் எங்களுக்குப் பாய் விரிக்கிறாள். தரையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.