மூணு வயசுல எடுத்த அளவு

மாட்டாவுரா,
ஆகஸ்ட் 12

மெரிலுக்கு, லயலோட அம்மா ஏவிஸ் எழுதறது. சுகமா இருக்கீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு? போன தடவை பாத்தப்போ மாடிப்படியைத் திட்டிக்கிட்டே ஏறினீங்க.

எனக்கு எழுத்து அவ்வளவா வராது. பதினாலு வயசுல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற கூட்டத்துக்கு சமைக்கப் போனவ நான். நாப்பது பேருக்கு ஆட்டுக்கறி வேகவைக்கச் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு செய்வேன். இது அப்படி இல்ல. பேசற மாதிரியே எழுதறேன், பொறுத்துக்குங்க.

ஆயிரம் குழந்தைங்களை பொறந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டு வர்றீங்க. மூணு வயசு, அஞ்சு வயசு, ஏழு வயசுன்னு கூப்பிட்டு, மனுஷன் எப்படி வளர்றான், அவன் குணம் எங்கேர்ந்து வருதுன்னு எழுதி வைக்கிறீங்க. அந்த ஆயிரத்துல என் பிள்ளையும் ஒருத்தன். இப்ப முப்பத்தெட்டு வயசுக்கான அழைப்பு எங்க வீட்டுக்கு வந்திருக்கு. பிரிக்காம மேசை மேலயே வச்சிருக்கேன். அவன் இங்க இல்ல மெரில். மார்ச்சுல போனவன். ஒரு போன் இல்ல, ஒரு வரி இல்ல.

போலீஸ்காரர், வளந்த ஆளு, அவரா கிளம்பிப் போனா நாங்க என்னம்மா பண்றதுன்னுட்டார். ஆஸ்திரேலியாவுல ஏதோ சுரங்கத்துல இருப்பான்னு ஒருத்தர் சொல்றார். ஆத்துல தேடுங்கன்னு இன்னொருத்தர். ரொட்டி வாங்க அந்த ஆத்துப் பாலத்தைத் தாண்டித்தான் போகணும். இப்பல்லாம் நான் ரொட்டி வாங்கறதில்ல.

உங்க ஆபீசுக்கு போன் பண்ணேன். எடுத்த பொண்ணு, கவலைப்படாதீங்க ஏவிஸ், நாங்க லேசுல யாரையும் விடமாட்டோம், மீன்பிடிக் கப்பல்ல இருந்தவரையே கூட்டிட்டு வந்திருக்கோம், ஜெயிலுக்குள்ள போய் ஒருத்தருக்கு பல்லு எண்ணியிருக்கோம்னா. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அப்ப கண்டுபிடிச்சதும் எனக்கு சொல்லும்மான்னேன். அது மட்டும் முடியாது, பெத்தவங்ககிட்டகூட சொல்லக் கூடாது, ஆரம்பத்துலேர்ந்து அதான் விதி, நீங்கதானே கையெழுத்து போட்டீங்கன்னா. ஆமா, நான்தான் போட்டேன். பேனா சரியா எழுதலன்னு ரெண்டு தடவை வேற போட்டேன்.

அவன் ஏன் போனான்னு யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லணும்.

கொஞ்ச வருஷம் முன்னாடி உங்க ஆராய்ச்சி பேப்பர்ல வந்துச்சு. மூணு வயசுல ஒரு இடத்துல உக்காராம, எதுக்கெடுத்தாலும் கத்தி, கையில இருக்கறதை வீசற பிள்ளைங்கள்ல நிறைய பேரு, வளந்தப்புறம் வேலையில நிலைக்காம, சண்டை சச்சரவுன்னு அலையறாங்களாம். யாரு பேரும் போடல. எனக்கு எதுக்கு பேரு? மூணு வயசுல உங்ககிட்ட கூட்டிட்டு வந்தப்போ, கோக்கச் சொல்லி நீங்க கொடுத்த மணியை அவன் வீசினதும், நாக்காலிக்கு அடியில புகுந்துகிட்டதும் என் கண்ணுலயே நிக்குது. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வச்சுக்கிட்டேன்.

மார்ச்சுல கறி ஆலையில மேஸ்திரியோட சண்டை போட்டு வேலையை விட்டுட்டு வந்தான். அது அஞ்சாவது வேலை. நான் அந்தக் காகிதத்தை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். மூணு வயசுலயே உன்னைக் கண்டுபிடிச்சுட்டாங்கடா, எனக்குத்தான் புத்தி வரலன்னேன். ரெண்டு தடவை படிச்சான். நீ இத்தனை நாளும் என்னை இப்படித்தான் பாத்தியாம்மான்னு கேட்டான். ஆமான்னேன். தட்டைக் கழுவி வச்சான், துணியைப் பிழிஞ்சு காயப்போட்டான், போயிட்டான். கத்தியிருந்தா நான் பின்னாடியே ஓடியிருப்பேன்.

இப்ப சொல்லப்போறதை அவன்கிட்டயும் சொன்னதில்ல. மூணு வயசுல உங்ககிட்ட கூட்டிட்டு வந்த அன்னிக்கு அவனுக்கு காதுல சீழ் கட்டியிருந்துச்சு, மெரில். ரெண்டு ராத்திரி தூங்கல பிள்ளை. சொன்னா இன்னொரு நாள் வாங்கம்பீங்க, எங்களைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவீங்களோன்னு பயம். ஊர்லயே என் பிள்ளையைத்தான் பெரிய படிப்பு படிச்சவங்க கூப்பிட்டாங்கங்கற பெருமை வேற. வரமாட்டேன்னு உங்க ஆபீஸ் படியில உக்காந்து அழுதான். அறைஞ்சேன். வலிக்கற காது பக்கமே அறைஞ்சேன். கண்ணைத் துடைச்சு, தலை சீவி, சிரிச்ச முகமா உள்ள கூட்டிட்டு வந்தேன். உடம்பு நல்லாத்தானே இருக்கான்னு நீங்க கேட்டீங்க. ராஜா மாதிரி இருக்கான்னேன்.

நீங்க எழுதினது அவன் குணத்தை இல்ல. என் அறையை எழுதினீங்க. உங்க நோட்டுல அந்தப் பக்கத்தை அடிச்சுடுங்க. முடியாதுன்னா ஓரத்துல சின்னதா, அம்மா பொய் சொன்னான்னு போடுங்க. ஒரு நாள் அளவை வச்சு நாங்க யாரையும் முடிவு பண்றதில்லன்னு சொல்வீங்க. தெரியும். நான்தான் பண்ணேன்.

அவனைக் கண்டுபிடிப்பீங்க. கண்டுபிடிச்சுடுங்க மெரில். உங்க கேள்வியெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காது விஷயத்தைச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. மன்னிக்கச் சொல்ல வேண்டாம். எனக்காக எதுவும் கேக்க வேண்டாம்.

எங்க இருக்கான்னு எனக்கு சொல்லாதீங்க, உங்க விதி உங்களோடயே இருக்கட்டும். என் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி ஒரு கவர் இதோட வச்சிருக்கேன். அவன் உங்க முன்னாடி வந்து உக்காந்தா, உள்ள ஒண்ணும் வைக்காம ஒட்டி அனுப்புங்க. வெறும் கவர் அனுப்பக் கூடாதுன்னு எந்தக் கையெழுத்தும் நான் போடல.

உங்க பிள்ளைங்க எங்க இருந்தாலும் உசிரோட இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏவிஸ்