காய்ந்த கரி ஒரு கூடை

தளி
24-11-1968

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணாவுக்கு, மேரி எழுதுவது.

இருமல் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் தேடுவது அந்த வரியைத்தானே. என் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தமிழ் வராது, எனக்குக் கன்னடம் வராது.

அறைதான் குளிர்கிறது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும். கரண்ட் ஹீட்டர் வைக்கலாமென்றால், வீட்டுக்கார அம்மா கெம்பம்மா ஒரு பல்புக்கு மேல் சம்மதிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் எரித்துப் பார்த்தேன். மாதத்து எண்ணெய் ஆறே நாளில் தீர்ந்தது, வாடை நெஞ்சை அடைத்தது. மிச்சம் குமுட்டி அடுப்பு. கையோடு தூக்கி வைக்கலாம், ஒரு படி கரி ஒரு சாயங்காலத்துக்குப் போதும். மூடிய அறையில் தணல் ஆளைக் கொல்லும் என்று படித்திருக்கிறேன். அதனால் ஜன்னலைத் திறந்துவைப்பேன், படுக்குமுன் அடுப்பை வெளியே எடுத்துவிடுவேன்.

அன்புத் தங்கை
மேரி

மொரப்பூர்
1-12-1968

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் மதலைமுத்து எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணி இன்னாசியம்மாளும் சுகம்.

நெஞ்சை அடைத்தது என்ற வரியோடு நான் நின்றுவிட்டேன். சின்னப் பிள்ளையில் இளைப்பு வந்து நீ உட்கார்ந்தபடியே தூங்கியதை மறக்கவில்லை. நம் பேச்சு நினைவிருக்கட்டும்: கிறிஸ்மஸுக்குள் இளைப்பு வந்தால் வேலையை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். இண்டூர் மாப்பிள்ளை வீட்டார் தை வரைக்கும்தான் பார்ப்பார்களாம். "டீச்சர் வேலையெல்லாம் வேணாங்க, பொண்ணு வந்தா போதும்" என்கிறார்கள். யோசி.

மதலைமுத்து

தளி
8-12-1968

அன்புள்ள அண்ணா,
குளிர் கூடிவிட்டது. நல்ல கரியாக ஒரு கூடை ஓசூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இங்கே கிடைப்பதெல்லாம் ஈரம், வாடை அடிக்கிறது. அது இருந்தால் மார்கழியைத் தாண்டிவிடுவேன்.
மேரி

மொரப்பூர்
16-12-1968

அன்புள்ள மேரிக்கு,

தப்பு நடந்துவிட்டது. உன் கார்டு வந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். தபால்காரர் உன் அண்ணிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். "சைவ வூட்ல குடியிருந்து புள்ளைக்கு நாக்கு செத்துப்போச்சு, குளிருக்குக் கறி கேக்குது" என்று, வீட்டிலிருந்த உப்புக்கண்டம் முழுவதையும் கூடையில் கட்டி அனுப்பிவிட்டாள். நானே கார்டைப் படித்தபோதுதான் அடுப்புக்கரி என்று தெரிந்தது. கேட்டால், "காதுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க, என்னை எதுக்கு முறைக்கிறீங்க?" என்கிறாள்.

கூடையை அந்த வீட்டில் திறக்காதே. அறை போய்விட்டால் ஆண்டவர் சித்தம் என்று வந்துவிடு.

மதலைமுத்து

தளி
29-12-1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிறிஸ்மஸ் கடந்துவிட்டது. இளைப்பு வரவில்லை.

உங்கள் கடிதத்தைக் கூடை முந்திக்கொண்டது. நான் பள்ளியில் இருந்தபோது கெம்பம்மாவே அதை வாங்கி, நான் சொல்லிவைத்திருந்த கரிதானே என்று அடுப்படியில் வைத்துத் திறந்திருக்கிறார். நான் திரும்பியபோது வீடு முழுக்கக் கழுவிய ஈரம். "டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூம் காலி மாடி" என்றார். அந்தக் கன்னடம் எனக்குப் புரிந்தது.

சிலேட்டில் இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. "வாயால சொல்லுங்க" என்றார். கரி, கறி என்று மூன்று முறை சொன்னேன். தமிழ் டீச்சரின் நாக்கே வித்தியாசம் காட்டவில்லை. "ரெண்டும் ஒண்ணேதானம்மா!" என்று சிரித்துவிட்டார். அண்ணி சொன்னதும் அதைத்தானே. அறை தப்பியது.

பள்ளி வாட்ச்மேன் மாதுவின் தம்பி காட்டில் கரி சுடுகிறவர். உப்புக்கண்டத்தை எடுத்துக்கொண்டு, கலகலவென்று காய்ந்த கரி இரண்டு மூட்டை கொடுத்தார். இப்போது சாயங்காலங்களில் கெம்பம்மாவும் குமுட்டிக்கு எதிரே வந்து கை காய்கிறார். எனக்குக் கன்னடம் ஓடுகிறது.

இண்டூர்க்காரர்களைத் தை வரை காக்க வைக்காதீர்கள். பொங்கலுக்கு உங்கள் இருவரையும் பார்க்க வருவேன், இரண்டு நாள். வேலையை விட்டு வரமாட்டேன். இந்தக் கடிதத்தை அண்ணிக்குத் தபால்காரரே படித்துக் காட்டட்டும். 'வரமாட்டேன்' என்ற சொல்லை யார் படித்தாலும், யார் கேட்டாலும் ஒரே பொருள்தான்.

மேரி